அமத்தி வைக்காத போன்

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? வார்னிஷ் ஏறி ஏறி நகக்கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவர் அந்த மஞ்சள் விரலை நீட்டித்தான் யாரிடமும் பேசுவார். ஒருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சர் கடைக்காரர் அவருக்கு "ஓட்டை". டீக்கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் "சீனி". பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற நான் "ஆயா". பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன், மூக்குச் சிந்திவிடுகிறேன், அதனால்.

கடை முன்னால் வேனை மெதுவாக்கினால் போதும். "என்னடா ஆயா, இன்னைக்கு எத்தன மூக்கு?" என்பார். டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னொன்று வரும், அது இதைவிட மோசமாக இருக்கும்.

அவர் உங்கம்மாவுக்குத் தாய்மாமன். உங்களுக்குத் தாத்தா முறை, எனக்குப் பெரியப்பா முறை. அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரம் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. நம் வீட்டில் இருந்து நாலு வீடு தள்ளி. போன ஆடியில் அவர் செத்துப்போனபோது ஊரே போனது, உங்கம்மா போகவில்லை. அடுப்பில் வைத்த குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றாள். "ஏம்ப்பா அம்மா வரல?" என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். "தலைவலி" என்று சொன்னேன். அது பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எதிலும் முதல் ஆளாக இருக்க வேண்டும். இன்னும் யாருக்கும் வராதது தனக்கு வந்திருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முந்திப் போய்த் தப்பாகிவிட்டால் "தப்பாகிப் போச்சு" என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. அதற்குப் பதிலாக என்ன வேண்டுமானாலும் சொல்வார்.

பைபாஸ் பக்கம் ஒரு பாலம் கட்டினார்கள். மேலே காங்கிரீட் போட்டு, சாக்கை நனைத்து மூடி, ஆள் போகாமல் கயிறு கட்டியிருந்தார்கள். இவர் கயிற்றைத் தூக்கிவிட்டு மொபெட்டோடு ஏறிவிட்டார். முதல் ஆளாகப் பாலத்தில் வண்டி ஓட்ட வேண்டுமாம். நடுவில் போனதும் சக்கரம் புதைந்துவிட்டது. பத்தடி நீளத்துக்குப் பள்ளம். இன்ஜினியர் வந்து கத்தினார். இவர் அசரவில்லை. "காஞ்சிருச்சான்னு பாத்தேன். காயல. சிமெண்டு சரியில்லீங்க" என்றார்.

அன்றைக்கே அங்கே காவலுக்கு இருந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நல்லம்பள்ளிப் பக்கத்து மனுசன், வயசாளி. மறுநாள் கடை முன்னால் வந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, தெரியாம வந்துட்டேன்னு ஒரு வார்த்த அவங்ககிட்டச் சொன்னீங்கன்னா, என்னத் திருப்பி வெச்சுக்குவாங்க."

"தெரியாம வந்தனா? நான் என்ன குருடனா? தெரிஞ்சுதான் வந்தேன். நீ தூங்குன, நான் வந்தேன். தூங்கறவனுக்கு எதுக்குய்யா காவ வேல?"

"தூங்கலீங்க. தண்ணி மொள்ளப் போனேன்."

"அப்ப தண்ணி மொள்ற வேலையா பாத்துக்க, போ."

சீனியும் ஓட்டையும் சிரித்தார்கள். அந்த மனுசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இன்னொரு தடவை, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி வைத்திருந்த ஒருத்தருக்கு மோட்டார் கட்டிக்கொடுத்து, தானே போய் இணைப்பும் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு ஒயர் இடம் மாறிவிட்டது. மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. இவர்தான் கைதேர்ந்த ஆள் ஆயிற்றே, இணைப்பில் தப்பு இருக்கும் என்று அந்த ஆள் நினைக்கவில்லை. போர்வெல்லில்தான் தண்ணீர் வற்றிவிட்டது என்று இரண்டு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். நாற்று முழுக்கக் காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் வேறு ஒருத்தர் வந்து இரண்டு ஒயரை மாற்றிப் போட்டார், தண்ணீர் கொட்டியது. காய்ந்த நாற்றை ஒரு கூடையில் அள்ளி வந்து இவர் மேசை மேலே கொட்டினார் அந்த ஆள்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "மாத்திதான் குடுத்தேன். போன தடவ நீ வேற கடைக்குப் போனயில்ல?"

உண்மையில் அந்த ஆள் வேறு கடைக்குப் போனதே கிடையாது. எல்லாருக்கும் தெரியும். ஒயர் மாறிப்போச்சு என்று சொல்வதைவிட, பழி வாங்கினேன் என்று சொல்வது அவருக்கு லேசாக இருந்தது.

எங்கள் கல்யாணத்திலும் இதேதான். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

கல்யாணம் பென்னாகரத்தில். முந்தின நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் பார்க்க, மேளத்தோடு தட்டு வரிசை வந்து, தாய்மாமன் பொண்ணுக்கு மாலை போட வேண்டும். பத்திரிகையில் ஏழு மணி என்று இருந்தது. நாங்கள் ஐந்தரைக்குப் போய் இறங்கினோம். மண்டபத்துக்குள் நுழைந்தால் உங்கம்மா கழுத்தில் மாலை. மேளக்காரர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்கள். சீரெல்லாம் முடிந்து தட்டைக்கூட அடுக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு முகம் செத்துப்போனது. "நாங்க பாக்கக்கூடாதுன்னு ஒளிச்சுச் செய்யறதுக்குப் பேரு சீரா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்கம்மாவின் அப்பா, அதாவது என் மாமனார், இவரைத் தனியாகக் கூட்டிப் போய்க் கெஞ்சினார். "மச்சான், நேரத்தத் தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அதோட முடிஞ்சுது."

அவர் தனியாகச் சொன்னதற்கு இவர் சபைக்கு நடுவில் வந்து பதில் கத்தினார். "தப்பாப் பாக்க நான் என்ன எழுத்துக் கூட்டத் தெரியாதவனா? எம் மருமவளுக்கு நான் மாலை போடறதுக்கு இவனுங்க மொகரையை எதுக்குப் பாக்கணும்? முன்னாடியே முடிக்கணும்னுதான் முடிச்சேன்."

என் மாமனார் ஐம்பது பேருக்கு ஒவ்வொருத்தராகக் கை கூப்பிக்கொண்டு போனார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பேச்சு விட்டது.

மறுநாள் தாலி கட்டி முடித்து நான் அவர் காலில் விழுந்து எழுந்தேன். அவர் சட்டைப்பையில் எங்கள் பத்திரிகை மடித்து, பாதி வெளியே தெரிய இருந்தது. பொண்ணு அழைப்புக்குப் போட்டிருந்த நாலு மணியைச் சுற்றிப் பேனாவால் பெரிய வட்டம். வரி மாறிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் என் மாமியார். இவருக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. புருசன் முன்னால் அண்ணன் பேச்சை எடுக்க முடியாது. வாராவாரம் சந்தையன்றைக்கு மாமனார் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனதும், அத்தை தன் பட்டன் போனை எடுத்து இவருக்குப் போடுவார். மூடி கழன்று, ரப்பர் பேண்டு சுற்றிய போன் அது. அந்த நேரத்தில் நான் கடையில் இருந்திருக்கிறேன். போன் அடித்ததும் இவர் கடைக்குப் பின்பக்கம் போய்விடுவார். சத்தமே மாறிவிடும். "ம்... சாப்ட்டேங் கண்ணு. நீ மாத்திர போட்டயா? நெஞ்சு எரியுதா இன்னும்? காரம் திங்காத." இப்படிப் பத்து நிமிசம். திரும்பி வரும்போது "என்னடா ஆயா, காத நீட்டிக்கினு நிக்கற?" என்பார். அந்தப் பத்து நிமிசத்துக்காகவே எனக்கு அவர் மேல் ஒரு இது இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சரி, போனுக்கு வருகிறேன்.

5ஜி அப்போது பெரிய ஊர்களுக்கு மட்டும் வந்திருந்தது. நம் பக்கம் இன்னும் இல்லை. ஆனால் பைபாஸ் டவரில் சோதனைக்கு விட்டிருந்தார்கள் போல. இவர் புதுசாக ஒரு போன் வாங்கினார். ஏதோ இந்தி வீடியோவைப் பார்த்து, நம்பர் போடுகிற இடத்தில் நட்சத்திரமும் கட்டமுமாக எதையோ தட்டினார். போனுக்குள் ஒளிந்திருந்த ஒரு பக்கம் திறந்தது. அதில் பெரிய பட்டியல். கீழே கடைசியில் இருந்ததைத் தொட்டார். மூலையில் 5ஜி என்று விழுந்தது.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் ஒரு முழுப்படத்தை இறக்கிக் காட்டினார். டீக்கடைக்காரருடைய போனை வாங்கி, கம்பெனியின் உதவி நம்பருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. "உங்க ஏரியாவுக்கு அந்தச் சேவை இன்னும் தொடங்கலீங்க சார்" என்றது.

"தொடங்கலையா? எங் கையில ஓடிக்கிட்டிருக்குது. என்ன படிச்ச நீ?"

"சார், அதுல கால் வசதி இன்னும்..."

"கால் இருக்குதா கை இருக்குதான்னு நீ எனக்குச் சொல்லாத. சம்பளம் வாங்கிக்கினு உக்காந்து பொய் சொல்ற. உங்கப்பன்கிட்டக் குடு போனை."

அந்தப் பொண்ணு, "மன்னிச்சிருங்க சார்" என்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் கையில் புதுப் போன் இருக்கும்போது எதற்கு அடுத்தவர் போனில் பேசினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? இருபது நாள் கழித்து என் கையில் இருந்த போனைப் பிடுங்கி, அதிலும் அதே மாதிரி செய்துவிட்டார். "ஆயாவும் கொஞ்சம் பறக்கட்டும்" என்றார்.

எனக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. காலையில் இரண்டு பிள்ளைகள் திருப்பத்தில் வேனுக்காக நின்றிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போக முடியாமல் ரோட்டில் வேலை நடந்ததால் சுற்றிப் போய்விட்டேன். அவர்கள் அம்மா எனக்கு ஒன்பது தடவை போட்டிருக்கிறார்கள். ஒன்பது தடவையும் "சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று வந்திருக்கிறது. என் போன் சட்டைப்பையில் உயிரோடுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் கொடுத்தேன். அங்கே இருந்த பொண்ணு பார்த்த உடனே சொன்னது.

"யாருண்ணா இதப் பண்ணது? இதுல நெட்டு மட்டுந்தான் போகும். பேசறதுக்குக் கம்பெனியே இன்னும் இதுல விடல. உங்களுக்கு யாரு கூப்ட்டாலும் ஆஃப்னுதான் வரும்."

மாற்றிக்கொடுத்தது. நான் நேராக அவர் கடைக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை, அவரும் நானும்தான். காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அந்த செட்டிங்க எடுத்துருங்க. யாரு கூப்ட்டாலும் உங்களுக்கு வராது."

"எனக்கு வேண்டியவன் வாட்ஸப்ல வருவான். வேண்டாதவன் எதுக்கு வரணும்?"

"அத்தை பட்டன் போனுதானுங்களே வெச்சிருக்காங்க?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கம்பி விரலில் இருந்து நழுவி இரண்டு சுற்று அவிழ்ந்தது. மூன்று சந்தை வாரமாகத் தங்கச்சி போன் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். புருசன்தான் தடுத்துவிட்டான் என்று எண்ணியிருந்திருப்பார். அவர் முகத்தில் அது ஓடுவதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"வந்துட்டான் இவன் எனக்குப் பாடம் எடுக்க. போடா ஆயா, போயி மூக்கத் தொடச்சு வுடு."

நான் போன பிறகு மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். வீட்டிலும் சொல்லவில்லை. அத்தைக்கும் சொல்லவில்லை.

நாலாம் நாள். காலையில் மாடு கறந்துவிட்டு எழுந்த அத்தை, கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிரசவத்துக்குப் போன உங்கம்மா அப்போது அங்கேதான் இருந்தாள், சின்னவன் கைக்குழந்தை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது அத்தை கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அண்ணனுக்குப் போடு."

உங்கம்மா அத்தையின் போனிலேயே போட்டாள். ஆஃப். மறுபடி போட்டாள். ஆஃப்.

"அண்ணன் எடுத்துச்சா?"

"டவர் இல்லம்மா. போட்டுக்கிட்டேதான் இருக்கறேன்."

"வரச்சொல்லு. மூஞ்சியப் பாத்துக்கறேன்."

உங்கம்மா, மாமனார், அத்தை மூன்று பேரிடமும் பட்டன் போன்தான். வாட்ஸப் கிடையாது. எனக்குப் போட்டிருக்கிறார்கள். வேனில் பிள்ளைகள் இருக்கும்போது நான் போனைத் தொடுவதில்லை. ஊரில் வேறு யாரையாவது பிடித்து அவர் கடைக்கு ஆள் அனுப்பலாம் என்று உங்கம்மா சொன்னாளாம். என் மாமனார் விடவில்லை. "போனை அமத்தி வெச்சிருக்கறவன ஆள் உட்டு எதுக்குக் கூப்புடற? வேண்டாம்னுதான அமத்தி வெச்சிருக்கான்?" என்றாராம். ஒன்பது மணி வாக்கில் அத்தை இன்னொரு தடவை "எடுத்துச்சா?" என்று கேட்டார். அதுதான் கடைசி.

நான் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பதரைக்குப் போனை எடுத்தேன். செய்தி தெரிந்தது. பள்ளிக்கூட வாசலிலேயே நின்று அவருக்கு வாட்ஸப்பில் போட்டேன். ஒரே ரிங்கு. எடுத்துவிட்டார்.

"பாத்தியாடா ஆயா! ஒரு ரிங்குதான்! என்னமோ வராதுன்ன? பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குதா இல்லையா? சொல்லு!"

"பெரியப்பா..."

"மொதல்ல இதச் சொல்லு. தெளிவா கேக்குதா இல்லையா?"

"கேக்குதுங்க. அத்தை போயிட்டாங்க."

"எங்க போயிட்டா?"

 அந்தப் பக்கம் பைபாஸில் லாரி போகிற சத்தம், டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம், எல்லாம் அத்தனை தெளிவாகக் கேட்டது.

கட்டின பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் கொண்டுவருகிற சேலையைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். தருமபுரியில் நல்ல பட்டாக ஒரு சேலை எடுத்தார். அரக்குக் கலர், பச்சைக் கரை. வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பென்னாகரம் தாண்டி ஊர் போகிற வரைக்கும் அதன் வாயை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பந்தல் வாசலிலேயே என் மாமனார் மறித்தார். ஊர்ச்சனம் அத்தனையும் பார்க்கிறது. உங்கம்மா சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு தடவ போட்டோம்பா. உயிரு போறப்பவும் அண்ணன் எடுத்துச்சான்னுதான் கேட்டா. எம் மேல கோவம்னா எம் மேல காட்டு. அவளுக்கு எதுக்கு அமத்தி வெச்ச?"

நான் முன்னால் போனேன். "மாமா, அவர் அமத்தலீங்க. அது போன்ல ஒரு செட்டிங்கு. எனக்கும் அப்படித்தான்..."

இவர் என்னை முழங்கையால் தள்ளினார்.

"ஒரு செட்டிங்கும் இல்ல. எம் போனு நல்லாத்தான் இருக்குது. நாந்தான் அமத்தி வெச்சேன். உங்க வூட்டு நம்பரு வரக்கூடாதுன்னுதான் வெச்சேன். இப்ப என்னங்கற?"

ஒப்பாரி வைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். உங்கம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்தார். ஒரு நொடி அவர் வாய் கோணியது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அந்தக் கோடி எம் பொண்டாட்டி மேல படக்கூடாது" என்றார் மாமனார். பெரியவர்கள் இரண்டு பேர் சமாதானம் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இவருடைய சித்தப்பா மகன் ஒருத்தர் வந்திருந்தார். அவரைப் பென்னாகரத்துக்கு அனுப்பி, கிடைத்த ஒரு நூல் சேலையை வாங்கி வரச் சொல்லி, அதைப் போர்த்தித்தான் எடுத்தார்கள். அண்ணன் பக்கத்தில் நிற்க, அடுத்தவர் கோடியில் போனார் அத்தை. அந்த ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நாலைந்து மாதத்தில் கம்பெனியே அறிவித்தது. உங்கள் ஊருக்கு 5ஜி வந்துவிட்டது, பேசவும் செய்யலாம் என்று எல்லார் போனுக்கும் மெசேஜ். இவர் டீக்கடையில் விரலை நீட்டி, "இவனுங்க இப்பத்தான் எந்திரிச்சிருக்கானுங்க. நான் எப்பவோ போட்டது" என்றார். சீனி டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஓட்டை எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார். அவர்கள் இரண்டு பேரும் அவருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், "அமத்தி" என்று. பைபாஸ் முழுக்க அந்தப் பெயர்தான். சாகிற வரைக்கும் அதுதான்.

ஆனால் அத்தையை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் வேனில் நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது.

சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அவர் வேனுக்குள் இருந்தார். எல்கேஜிப் பிள்ளைகள் உட்காருகிற குட்டி சீட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு. பட்டுச்சேலை பையோடு பக்கத்தில். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"பழைய மாதிரி ஆக்கிக் குடு."

ஒருத்தரிடம் ஒன்றைச் செய்துகொடு என்று அவர் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. செல்போன் கடைப் பொண்ணு செய்ததைப் பார்த்திருந்ததால், அதே பக்கத்தைத் திறந்து மாற்றினேன். டவர் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் போன் அதிர ஆரம்பித்தது. நம் போன் கிடைக்காதபோது யார் யார் கூப்பிட்டார்கள் என்று கம்பெனியில் இருந்து பிறகு மெசேஜ் வருமே, அது. ஒன்று மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அன்றைக்குக் காலையில் வந்தது எல்லாம் ஒரே நம்பர். அதற்கு அவர் போட்டு வைத்திருந்த பெயர் "பாப்பா". ஏழு இருபதுக்கு ஒன்று, ஏழு இருபத்தி நாலுக்கு ஒன்று. அப்படியே ஒன்பது மணி வரைக்கும்.

அவர் முழுவதையும் படித்தார். மேலே போய்த் திரும்பவும் படித்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை. மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வந்தது.

"குடுங்க பெரியப்பா. உள்ள போயி அவகிட்டயும் மாமாகிட்டயும் காட்டறேன். அமத்தி வெச்ச போன்ல இருந்து நீங்க எங்கூடப் பேசியிருக்க முடியாதுன்னு சொல்றேன். புரிஞ்சுக்குவாங்க. நாளைக்குப் பாலூத்தறப்பவாவது இந்தக் கோடிய..."

"என்னன்னு காட்டுவ? என்னமோ தெரிஞ்ச மாதிரி எதையோ தட்டி, கூடப் பொறந்தவ சாவ உட்டுட்ட கூமுட்டைன்னா?"

"தெரியாமச் செஞ்சதுதானுங்களே?"

"அமத்தி வெச்சான்னே இருக்கட்டும். அதுல ஒரு இது இருக்குது." போனை என் கையில் திணித்தார். "அழி."

"வேண்டாங்க."

மஞ்சள் விரலை நீட்டினார். "சொன்னதச் செய்டா ஆயா."

ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். அவர் ஒன்று சொன்னால் சிரித்துத் தலையாட்டியே பழகிவிட்டேன். ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். "எவ்ளோ நேரம்? மொத்தமா அழி" என்றார். மொத்தமாக அழித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சமையற்கட்டில் அவள் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். டவர், ஒளிந்திருக்கிற பக்கம், நான் எச்சரித்தது, வேனில் வந்து விழுந்த மெசேஜ், எல்லாம்.  நான் முடித்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினாள்.

"எங்க? காட்டுங்க."

"அழிச்சிட்டேன்."

"யாரு? அவரா?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். சின்னவன் தூளியில் அழ ஆரம்பித்தான். "அவரு வாயால சொன்னத நான் காதால கேட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, அவனைத் தூக்கப் போய்விட்டாள்.